கோப்புகளுக்குப் பழைய தேதியைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

கேள்வி இது: "அப்பாவின் பழைய கணினியில் 2005 முதல் 2017 வரையிலான குடும்பப் படங்கள் இருந்தன. உபுண்டு நிறுவிய புதிய லேப்டாப்புக்குக் கட்டளை வரியிலேயே நகல் எடுத்தேன். இப்போது எல்லாப் படங்களும் நகலெடுத்த நாளின் தேதியையே காட்டுகின்றன. தேதி வாரியாக அடுக்கினால் எல்லாம் ஒரே குவியல். டெர்மினலிலிருந்தே பழைய தேதியைப் போட வழி உண்டா? 'ஸ்டாட்' கட்டளை நான்கு தேதிகளைக் காட்டுகிறது. அவற்றில் எதை மாற்ற வேண்டும்?"

வழி உண்டு. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பழைய ஹார்டு டிஸ்க்கை இன்னும் அழிக்கவில்லை என்றால், அதைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள். நீங்கள் தேடும் தேதிகள் அனைத்தும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. தேதியை நாமாகத் தட்டிப் போடுவது கடைசி வழி. உண்மையான தேதி எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கிருந்து எடுத்துப் போடுவதுதான் முதல் வழி. இந்தப் பதிலை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அதே பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். ஒற்றை எழுத்து விருப்பங்களைத் தமிழில் எழுதினால் எந்த 'டி' என்ற குழப்பம் வரும். ஆகையால் இரட்டைக் கோட்டில் தொடங்கும் முழுப்பெயர் விருப்பங்களையே பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். தட்டுவதற்குச் சற்று நீளம், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

முதலில் அந்த நான்கு தேதிகள். ஸ்டாட் காட்டும் 'ஆக்சஸ்' என்பது கோப்பைக் கடைசியாகப் படித்த நேரம்; ஏடைம் என்பார்கள். 'மாடிஃபை' என்பது உள்ளடக்கத்தைக் கடைசியாக மாற்றிய நேரம்; இது எம்டைம். கோப்பு மேலாளரும் எல்எஸ் கட்டளையும் வழக்கமாகக் காட்டுவது இதைத்தான். நீங்கள் திருத்த வேண்டியதும் இதைத்தான். 'பர்த்' என்பது இந்த டிஸ்க்கில் இந்தக் கோப்பு உருவான நேரம். மீதமிருப்பது 'சேஞ்ச்', அதாவது சிடைம். பலரும் சி என்றால் 'கிரியேட்' என்று நினைத்து ஏமாறுகிறார்கள். இது கோப்பு உருவான நேரம் அல்ல. கோப்பின் உரிமை, அனுமதி, அளவு, தேதி ஆகிய விவரங்களைத் தாங்கும் ஐநோடு கடைசியாக மாறிய நேரம்.

இந்த நான்கில் ஏடைமையும் எம்டைமையும் மட்டுமே லினக்ஸ் நம் கையில் விட்டிருக்கிறது. சிடைமை விரும்பியபடி வைக்க, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வழியே கிடையாது. எம்டைமை 2009க்கு மாற்றுகிறீர்களா? மாற்றிய அந்த நொடியே சிடைமில் இன்றைய தேதியும் நேரமும் பதிவாகிவிடும். கதவைத் திறந்தவர் யாராக இருந்தாலும் திறந்த நேரத்தைத் தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும் காவலாளி அது. இதனால் உங்கள் படங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் படங்களை அடுக்கும் எந்த மென்பொருளும் சிடைமைப் பார்ப்பதில்லை.

பர்த் நேரமும் அப்படியே. உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை அதைப் பல ஆண்டுகளாகவே சேமித்து வந்தாலும், நிரல்கள் அதைக் கேட்டுப் பெறுவதற்கான 'ஸ்டாட்எக்ஸ்' அழைப்பு 2017இல் வந்த 4.11 கெர்னலில்தான் சேர்ந்தது. படிக்கலாம், மாற்ற முடியாது. டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு 'டிபக்எஃப்எஸ்' என்ற கருவி கொண்டு ஐநோடை நேரடியாகத் திருத்துவோர் இருக்கிறார்கள். குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்க்கில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

சரி, தேதி எப்படிப் போனது? சிபி கட்டளைக்கு 'ரிகர்சிவ்' மட்டும் கொடுத்திருப்பீர்கள். அது புதுக் கோப்பை உருவாக்கி உள்ளடக்கத்தை எழுதுகிறது. எழுதிய நேரம்தான் எம்டைம். கட்டளை தவறாக எதுவும் செய்யவில்லை. 'ஆர்க்கைவ்' விருப்பத்தைக் கொடுத்திருந்தால் தேதியும் கூடவே வந்திருக்கும்.

இப்போது தீர்வு. பழைய டிஸ்க்கை இணைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள படங்களின் ஃபோல்டர் 'பழைய' என்றும் லேப்டாப்பில் இருப்பது 'புதிய' என்றும் வைத்துக்கொள்வோம். இந்த ஒரு வரி போதும்:

ஆர்சிங்க் --ட்ரை-ரன் --ஐட்டமைஸ்-சேஞ்சஸ் --ரிகர்சிவ் --டைம்ஸ் --சைஸ்-ஒன்லி --எக்சிஸ்டிங் பழைய/ புதிய/

இரண்டு பெயர்களின் முடிவிலும் சாய்கோடு இருப்பதைக் கவனியுங்கள். முதல் பெயரில் அதை விட்டுவிட்டால் 'புதிய' என்பதற்குள்ளே 'பழைய' என்று இன்னொரு ஃபோல்டரைத் தேடும். 'சைஸ்-ஒன்லி' என்றால் இரு பக்கமும் அளவு ஒன்றாக இருந்தால் உள்ளடக்கத்தை மீண்டும் நகலெடுக்காதே என்று பொருள். 'டைம்ஸ்' என்றால் தேதியை மட்டும் ஒத்துப்போகச் செய் என்று பொருள். 'எக்சிஸ்டிங்' இருப்பதால் புதிய பக்கத்தில் இல்லாத எதையும் அது கொண்டுவராது. 'ட்ரை-ரன்' ஒத்திகை, எதையும் மாற்றாமல், மாற்றப்போவதை மட்டும் பட்டியலிடும்.

அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் புள்ளி, அடுத்து கோப்பைக் குறிக்கும் எஃப், பிறகு சில புள்ளிகளுக்கு நடுவே நேரத்தைக் குறிக்கும் சிறிய டி என்று வந்தால் எல்லாம் சரி. முதல் புள்ளி 'உள்ளடக்கம் நகராது' என்பதன் அடையாளம். புள்ளிக்குப் பதில் '>' என்ற அம்புக்குறி எங்கேயாவது தெரிந்தால் நிறுத்துங்கள். அந்தக் கோப்பு இரு பக்கமும் வேறு வேறு அளவில் இருக்கிறது; நகலெடுத்தபோது பாதியில் நின்றிருக்கலாம், அல்லது நீங்கள் பிறகு திருத்தியிருக்கலாம். அதைத் தனியாகத் தீர்த்துக்கொண்டு, பிறகு 'ட்ரை-ரன்' சொல்லை நீக்கிவிட்டுக் கட்டளையை ஓட்டுங்கள். உள்ளடக்கம் நகராததால் ஆயிரக்கணக்கான படங்கள் என்றாலும் வேலை விரைவில் முடிந்துவிடும். ஃபோல்டர்களின் தேதியையும் அது சரிசெய்துவிடும்.

பழைய டிஸ்க் இப்போது இல்லை என்றால், அடுத்த சாட்சி கேமராதான். டிஜிட்டல் கேமராவும் கைபேசியும் எடுக்கும் ஜேபெக் படத்துக்குள்ளேயே எக்சிஃப் என்ற விவரத் தொகுப்பு இருக்கும். அதில் 'டேட்டைம்ஒரிஜினல்' என்ற இடத்தில் படம் பிடித்த நேரம் எழுதியிருக்கும். கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் அது அழியாது. பில் ஹார்வி எழுதிய எக்சிஃப்டூல் அதை எடுத்து எம்டைமில் போடும்:

எக்சிஃப்டூல் -ஆர் "-ஃபைல்மாடிஃபைடேட்<டேட்டைம்ஒரிஜினல்" புதிய

'-ஆர்' என்றால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் பார் என்று பொருள். இரட்டை மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் நடுவிலுள்ள '<' குறியை, நாம் தட்டும் கட்டளையைப் படிக்கும் ஷெல் தனக்கென எடுத்துக்கொள்ளும். இந்தக் கட்டளை படத்தின் உள்ளே எதையும் எழுதுவதில்லை, வெளியே இருக்கும் தேதியை மட்டும் மாற்றுகிறது. 2005 காலத்துக் கேமராக்கள் நேர மண்டலத்தைப் பதியவில்லை. எக்சிஃப் தரத்தில் அதற்கு இடம் வந்ததே 2016இல்தான். ஆகவே உங்கள் லேப்டாப்பின் நேர மண்டலம் இந்தியாவுக்கு அமைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஓட்டிய பிறகு எல்லாப் படங்களும் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னோ பின்னோ தெரிந்தால் படத்தில் பழுது இல்லை, மண்டலத்தில்தான் பழுது. ஐந்தரை என்ற அந்த அரை மணியே நம் நாட்டுக்காரர்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு.

வாட்ஸப் வழியே வந்த படங்களில் எக்சிஃப் இருக்காது. ஆனால் அவற்றின் பெயரிலேயே தேதி இருக்கும்: ஐஎம்ஜி என்ற மூன்று எழுத்து, ஒரு கோடு, பிறகு 20160222 போன்ற எட்டு இலக்கங்கள். பேஷ் ஷெல்லில் ஒரு சிறிய 'ஃபார்' சுற்று எழுதி, பெயரின் ஐந்தாம் எழுத்திலிருந்து எட்டு இலக்கங்களை வெட்டியெடுத்து, அதன் பின்னால் 1200 என்று ஒட்டி, டச் கட்டளைக்கு '-டி' விருப்பத்தோடு கொடுத்துவிடலாம். அந்த 'டி', டச் என்ற கட்டளைப் பெயரின் முதல் எழுத்து. அது ஆண்டு நான்கு இலக்கம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று இரண்டிரண்டாக, மொத்தம் 12 இலக்கங்களை இடைவெளி இல்லாமல் எதிர்பார்க்கும். 1200 எதற்கு என்றால், மணி தெரியாதபோது நண்பகலைப் போடுவது என் வழக்கம். நள்ளிரவைப் போட்டால் நேர மண்டலம் சற்றுப் பிசகினாலே படம் முந்தைய நாளுக்குப் போய்விடும். நண்பகல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஐந்தரை மணி நகர்ந்தாலும் அதே நாளில்தான் நிற்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த எட்டு இலக்கம் படம் உங்கள் கைக்கு வந்த நாளே தவிர, எடுத்த நாள் அல்ல.

எந்தச் சாட்சியும் இல்லாத கோப்புகளுக்குத்தான் கையால் தேதி போட வேண்டும். அதற்கான கருவி டச். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இது இருந்தது. கோப்பைத் 'தொட்டு' அதன் தேதியை இப்போதைய நேரத்துக்குக் கொண்டுவருவது அதன் அடிப்படை வேலை. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய 'மேக்' என்ற கருவி, எந்தக் கோப்பு எதைவிடப் புதியது என்று எம்டைமை ஒப்பிட்டுத்தான் எதை மீண்டும் தொகுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும். அதனால் நிரலாளர்களுக்கு டச் அன்றாடத் தேவையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

கும்பகோணத்தில் 2016 பிப்ரவரி 22 அன்று மகாமகம் நடந்தது. அன்று காலை எடுத்த படம் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

டச் --நோ-கிரியேட் --டைம்=எம்டைம் --டேட்="2016-02-22 06:30 +0530" மகாமகம்-01.ஜேபிஜி

இந்த ஒரு வரியில் நான்கு இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று கோடு போட்டே எழுதுங்கள். நாம் கையால் எழுதும் பழக்கத்தில் 05/08/2016 என்று கொடுத்தால், நாம் ஆகஸ்ட் 5 என்று நினைப்போம், கட்டளை அதை மே 8 என்று படிக்கும். பிழைச் செய்தி வராது. 25/08/2016 என்று கொடுத்தால் மட்டுமே, 25ஆம் மாதம் இல்லை என்பதால் மறுக்கும். மாதத்தில் முதல் 12 நாட்கள் அமைதியாகத் தவறிப்போய், மீதி நாட்கள் மட்டும் சத்தம் போடும் பிழை இது. அதனால்தான் இதைப் பிடிப்பது கடினம்.

நேர மண்டலத்தை +0530 என்று எண்ணாகவே கொடுங்கள். ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை இந்தியாவும் இஸ்ரேலும் அயர்லாந்தும் பயன்படுத்துகின்றன. எண்ணுக்கு இரண்டு பொருள் கிடையாது.

'நோ-கிரியேட்' இல்லாவிட்டால், கோப்பின் பெயரை ஓரெழுத்து தவறாகத் தட்டினாலும் டச் குறை சொல்லாது. அந்தத் தவறான பெயரில் பூஜ்ய அளவில் புதுக் கோப்பை உருவாக்கி, அதற்குத் தேதியையும் போட்டுவிடும். உங்கள் படம் பழையபடியே நிற்கும். இந்த விருப்பத்தோடும் எச்சரிக்கை எதுவும் வராது. குப்பைக் கோப்பு சேராது, அவ்வளவுதான். முடிந்ததும் ஸ்டாட் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

'டைம்=எம்டைம்' கொடுக்காவிட்டால் ஏடைமும் சேர்ந்து மாறும். படங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஏடைமின் மதிப்பே இப்போது குறைந்துவிட்டது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் டிஸ்க்கில் எழுதுவது வீண் சுமை என்பதால், 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து லினக்ஸ் 'ரெல்ஏடைம்' முறையை வழக்கமாக்கியது. பதிந்திருக்கும் ஏடைம் ஒரு நாளுக்கு மேல் பழையதாக இருந்தாலோ, எம்டைமுக்கோ சிடைமுக்கோ முந்தியதாக இருந்தாலோதான் புதுப்பிக்கும்.

ஒரு கோப்பின் தேதியை இன்னொன்றிலிருந்து வாங்க 'ரெஃபரன்ஸ்' இருக்கிறது. கேமரா பதிந்த மூல வடிவமான ரா படத்தின் தேதி சரியாக இருந்து, அதிலிருந்து உருவாக்கிய ஜேபெக்கின் தேதி தவறாக இருந்தால்:

டச் --ரெஃபரன்ஸ்=மூலம்.என்இஎஃப் அச்சு.ஜேபிஜி

டச் கட்டளைக்குத் திரும்பப்பெறும் வசதி கிடையாது. கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு என்டர் தட்டினால் அந்த ஃபோல்டரின் மொத்தத் தேதிகளும் ஒரு நொடியில் போய்விடும். ஆகவே மொத்தமாகக் கை வைக்கும் முன் தேதிகளுக்கு மட்டும் ஒரு நிழற்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்:

சிபி --ரிகர்சிவ் --ஆட்ரிபியூட்ஸ்-ஒன்லி --பிரிசர்வ்=டைம்ஸ்டாம்ப்ஸ் புதிய தேதிநிழல்

இதில் படங்கள் நகலாவதில்லை. அதே பெயர்களோடும் தேதிகளோடும் பூஜ்ய அளவுக் கோப்புகள் மட்டும் 'தேதிநிழல்' ஃபோல்டரில் வரும். இடம் பிடிக்காது. ஏதாவது தவறினால் ரெஃபரன்ஸ் வழியாக அங்கிருந்து தேதியை வாங்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன ஆர்சிங்க் வரிக்கு மட்டும் இந்த நிழலை மூலமாகக் கொடுத்துவிடாதீர்கள். அளவு வேறு என்று கண்டு, வெற்றுக் கோப்பைக் கொண்டு உங்கள் படத்தை மூடிவிடும்.

வெறும் தேதிதானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தவறுதலாக அழித்த ஆவணங்களை பேக்கப்பிலிருந்து மீட்டு, பழைய தேதிகளோடு பொதுப் பகிர்வு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தேன். தேதிகூடக் குலையாமல் வந்திருக்கிறதே என்று மாலையில் மகிழ்ந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஒன்றையும் காணோம். அந்த ஃபோல்டரில் எம்டைம் 90 நாளுக்கு மேல் ஆன எதையும் அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஒவ்வோர் இரவும் ஓடிக்கொண்டிருந்தது; எழுதியவன் நான்தான். நேற்று வந்து சேர்ந்த கோப்பு, எம்டைமின்படி நான்கு ஆண்டுப் பழசு. ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்தது. பேக்கப் இருந்ததால் இரண்டாம் முறையும் மீட்க முடிந்தது. அன்றே அந்த ஸ்கிரிப்டை சிடைம் பார்க்கும்படி மாற்றினேன். சிடைமைப் பின்னோக்கித் தள்ள முடியாது என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அன்று உணர்ந்தேன். உங்கள் லேப்டாப்பிலும் பழைய கோப்புகளைத் தானாக அழிக்கும் ஏற்பாடு எதுவும் இந்தப் படங்கள் இருக்கும் இடத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

பேக்கப் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். கடைசி பேக்கப்புக்குப் பிறகு எம்டைம் மாறியவற்றை மட்டும் எடுக்கும் கருவி, நீங்கள் 2009 என்று போட்ட கோப்பைப் 'பழையது, ஏற்கெனவே எடுத்தாயிற்று' என்று தாண்டிப் போகக்கூடும். தேதிகளைச் சீர்செய்து முடித்ததும் ஒரு முறை முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

அப்பாவின் தொகுப்பில் ஸ்கேன் செய்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் இருக்கக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன். 1958இல் எடுத்த திருமணப் படத்தின் ஸ்கேனுக்கு எம்டைமை 1958 என்று போட முடியுமா? எக்ஸ்ட்4இல் முடியும். யூனிக்ஸ் நேரம் 1970 ஜனவரி 1இல் தொடங்கினாலும் அதற்கு முந்தையதை எதிர்ம எண்ணாக அது ஏற்கும். ஆனால் அந்தக் கோப்பை ஃபேட்32 பென்டிரைவில் போட்டால் தேதி போய்விடும். ஃபேட்டின் நாட்காட்டி 1980இல்தான் ஆரம்பம். ஜிப் கோப்பின் வழக்கமான தேதிப் பதிவும் அப்படியே. ஸ்கேன் செய்த தேதியும் ஓர் உண்மைதான் என்பது என் கருத்து. எம்டைமை அதற்கு விட்டுவிட்டு, படம் எடுத்த நாளை எக்சிஃப்டூல் கொண்டு படத்துக்குள்ளே டேட்டைம்ஒரிஜினல் இடத்தில் எழுதுங்கள். அது எந்த டிஸ்க்குக்குப் போனாலும் கூடவே போகும். படத் தொகுப்பு மென்பொருள்களும் பெரும்பாலும் அதைத்தான் முதலில் பார்க்கின்றன.

வீட்டில் விண்டோஸ் கணினியும் இருந்தால் அங்கே பவர்ஷெல்லில் 'கெட்-ஐட்டம்' மூலம் கோப்பை எடுத்து, அதன் 'லாஸ்ட்ரைட்டைம்' பண்புக்குப் புதுத் தேதியைச் சமக்குறி போட்டுக் கொடுத்தால் போதும். லினக்ஸில் கைக்கு எட்டாத உருவாக்கிய தேதியையும் அங்கே 'கிரியேஷன்டைம்' வழியாக மாற்றலாம். விண்டோஸில் நகலெடுத்த கோப்பு, உருவாவதற்கு முன்பே திருத்தப்பட்டதுபோலத் தேதி காட்டினால் பதற வேண்டாம். நகலெடுக்கும்போது திருத்திய தேதி அப்படியே வருகிறது, உருவாக்கிய தேதி மட்டும் நகலெடுத்த நேரமாகிறது. மேக் கணினியின் டச், பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழி வந்தது. இரட்டைக் கோட்டு விருப்பங்கள் அங்கே வேலை செய்யாது, 12 இலக்க முறை வேலை செய்யும். எம்டைமை உருவாக்கிய தேதிக்கும் முன்னால் தள்ளினால், உருவாக்கிய தேதியையும் மேக் கணினி சேர்த்துப் பின்னுக்கு நகர்த்திவிடும்.

எல்லாம் முடிந்தபின், நாள் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஐந்தாறு படங்களைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுத் திருமணம், பொங்கல், பிறந்தநாள் என்று எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட் போட்டு மாடிஃபை வரியைப் பாருங்கள். நாள் சரியாகவும் வரியின் கடைசியில் +0530 என்றும் இருந்தால், அப்பாவின் பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு அலமாரியில் வைக்கலாம். அப்போதும் அழிக்க வேண்டாம்.